நம்ம கொல்லை மழையை நாமே அளப்போம்!



மழைக்காலம் வந்தால் செய்தித்தாளில் ஒரு சின்னக் கட்டம் வரும். செட்டிகுளம், பாடாலூர், அகரம்சீகூர், லப்பைக்குடிக்காடு, புதுவேட்டக்குடி, எறையூர், தழுதாழை, வி.களத்தூர், வேப்பந்தட்டை என்று வரிசையாக ஊர்ப்பெயர் போட்டு, பக்கத்தில் இத்தனை மி.மீ. என்று எழுதியிருப்பார்கள். அரியலூர்ப் பக்கம் என்றால் ஜெயங்கொண்டம், செந்துறை, திருமானூர் என்று வரும். அந்தக் கட்டத்தில் உங்க ஊர் இருக்கிறதா? எங்க ஊர் இல்லை. நம்ம பள்ளிக்கூடத்துக்கு வருகிற பாதிப் பேருடைய ஊர் அதில் இருக்காது.

அப்போ நம்ம ஊர் மழையை யார் அளப்பது? நாமேதான். அதற்கு என்ன பொருள் வேண்டும், எப்படி வைப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஊருக்கு ஊர் மழை வேறு

மழை தார்ப்பாய் விரித்த மாதிரி ஒரே சமமாகப் பெய்யாது. வெயில் காலத்து இடிமழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும். அது போகிற வழியில் கொட்டும், பக்கத்து ஊரில் தூசி கூட அடங்காது. ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழை இதைவிடப் பரவலாகப் பெய்யும். அதிலும் கூட ஊருக்கு ஊர் அளவு மாறும்.

நம்ம பக்கம் மக்காச்சோளம், பருத்தி எல்லாம் பெரும்பாலும் மானாவாரி. மழையை நம்பித்தான் விதை. டவுனில் பெய்த மழையை நம்பி நம்ம காட்டில் விதைக்க முடியுமா?

நம் பெரியவர்கள் அளந்த விதம்

அளப்பது புதுசு இல்லை. எங்க அப்பாயி, "ஏ புள்ள, ராத்திரி ஒரு ஒழவு மழடி"ன்னு சொல்லும். ஓர் உழவு ஓட்டுகிற அளவுக்கு மண் நனைந்திருக்கிறது என்று பொருள். வாசலில் கிடக்கிற ஆட்டுரலைப் பார்த்தும் சொல்லும். "ஒரலு நெறஞ்சு வழியுது"ன்னா நல்ல மழை.

ஆனால் உரலில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதன் குழி மேலே அகலம், கீழே குறுகல். அகலமான வாயில் விழுகிற தண்ணீர் எல்லாம் குறுகலான அடியில் போய்ச் சேரும். அதனால் கொஞ்ச மழையும் ஆழமாகத் தெரியும். கூரைத் தண்ணீர் தெறித்து விழுந்தாலும் கணக்கு கெடும். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கிற, வெட்டவெளியில் இருக்கிற பாத்திரம்தான் சரியான அளவு சொல்லும். மழைமானியின் ரகசியமே இவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியுமா?

• கௌடில்யரின் அர்த்தசாஸ்திரத்தில், தானியக் கிடங்கின் முன்னால் ஒரு முழம் அகல வாய் உள்ள பாத்திரத்தை வைத்து மழையை அளக்கச் சொல்லியிருக்கிறது.
• கொரியாவில் செஜோங் மன்னர் காலத்தில், 1441-ல், மழை அளக்கும் கருவி செய்தார்கள். ஒரே மாதிரியாகச் செய்து நாடு முழுக்க அனுப்பினார்கள்.
• சென்னையில் 1792-ல் வானாய்வகம் அமைந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கப்பட்டது.

மழைமானி செய்முறை

தேவையான பொருள்கள்: நேரான பக்கம் உள்ள 2 லிட்டர் குளிர்பான பாட்டில், கத்தி, கொஞ்சம் கூழாங்கல், கொஞ்சம் சிமெண்ட் (நம்ம பக்கம் சிமெண்டுக்குப் பஞ்சமா!), பிளாஸ்டிக் ஸ்கேல், ஒட்டும் டேப், நட்டு வைக்க ஒரு குச்சி அல்லது பழைய பி.வி.சி. குழாய்.

1. பாட்டிலின் கழுத்துப் பகுதி சரிவாகத் தொடங்குகிற இடத்தில் சுற்றி வெட்டவும். வெட்டும்போது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கட்டும்.
2. பாட்டில் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் கூழாங்கல் போட்டு, தண்ணியாகக் கரைத்த சிமெண்டை ஊற்றி, மட்டமாக இறுக விடவும். காற்றில் சாயாமல் இருக்க இந்தக் கனமும் உதவும்.
3. இறுகிய சிமெண்டின் மேல்மட்டம்தான் 0. அந்த இடத்திலிருந்து ஸ்கேலின் 0 கோடு தொடங்குகிற மாதிரி டேப் போட்டு ஒட்டவும். ஸ்கேலின் முனையில் 0-க்கு முன்னால் கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.
4. வெட்டிய கழுத்தை மூடி இல்லாமல் தலைகீழாக உள்ளே கவிழ்க்கவும். இதுதான் புனல். தண்ணீர் வெயிலில் ஆவியாகாமலும் வெளியே தெறிக்காமலும் இது காக்கும்.

வாயும் உடம்பும் ஒரே அகலம் என்பதால் ஸ்கேலில் பார்க்கிற மி.மீ.தான் மழை மி.மீ. கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக வைத்துப் பார்க்கணும். ஓரத்தில் தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்கும், நடுவில் உள்ள தாழ்ந்த மட்டத்தைத்தான் எடுக்கணும். இது அறிவியல் பாடத்திலேயே படித்ததுதான்.

வீட்டில் பெரிய புனலும் குடுவையும் இருந்தால் இன்னொரு வழி உண்டு. புனல் வாயின் விட்டம் 14 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 7 செ.மீ. பரப்பு 22/7 × 7 × 7 = 154 சதுர செ.மீ. குடுவையில் சேர்ந்த தண்ணீரை ஊசி போடுகிற சிரிஞ்சால் (ஊசி இல்லாமல்) அளந்தால் 77 மி.லி. இருக்கிறது. 77 ÷ 154 = 0.5 செ.மீ. அதாவது 5 மி.மீ. மழை. வட்டத்தின் பரப்பு எதற்கு என்று இனி யாரும் கேட்காதீங்க!

எங்கே வைப்பது?

வீட்டு வாசலில், மரத்தடியில், மோட்டார் கொட்டகை ஓரத்தில் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைக்கணும். 5 மீட்டர் வேப்பமரம் என்றால் 10 மீட்டர் தள்ளி. இந்திய வானிலைத் துறையின் மழைமானியில் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும். நாமும் அப்படியே வைக்கலாம். ரொம்பத் தாழ்வாக வைத்தால் சேறு தெறிக்கும். ரொம்ப உயரமாக வைத்தால் காற்று துளியை அடித்துக்கொண்டு போய்விடும், அளவு குறையும்.

வாய் மட்டமாக இருக்கணும். கொத்தனாரிடம் ரசமட்டம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். சுற்றி நாலு குச்சி நட்டு முள் கட்டணும், ஆடு மாடு முட்டாமல் இருக்கும். ஆனால் அந்த வேலி மானிக்கு மேலே உயரக் கூடாது.

1 மி.மீ. என்றால் எவ்வளவு?

"1 மி.மீ. எல்லாம் ஒரு மழையா?" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை = 1 லிட்டர்.
ஓர் ஏக்கர் = சுமார் 4,047 சதுர மீட்டர்.
ஆகவே ஓர் ஏக்கரில் 1 மி.மீ. மழை = சுமார் 4,047 லிட்டர்!

12 மி.மீ. பெய்தால் 48,000 லிட்டருக்கு மேல். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 3,200 குடத்துக்கு மேல். அடிபம்பில் வரிசையில் நின்று தண்ணி தூக்குகிற நமக்குத்தான் அதன் அருமை தெரியும். இந்தக் கணக்கு தெரிந்தால், மழை பெய்த மறுநாளும் வழக்கப்படி மோட்டார் போட்டு வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டுமா என்று யோசிக்கலாம். கிணற்றுத் தண்ணீர் மிச்சம். வெங்காயக் காலில் தண்ணீர் தேங்கி அழுகலும் வராது.

வானிலைத் துறை 24 மணி நேர மழையை இப்படிப் பிரிக்கிறது:

2.5 முதல் 15.5 மி.மீ. வரை – லேசான மழை
15.6 முதல் 64.4 வரை – மிதமான மழை
64.5 முதல் 115.5 வரை – கனமழை
115.6 முதல் 204.4 வரை – மிக கனமழை
அதற்கு மேல் – அதி கனமழை

2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளைத்தான் 'மழை நாள்' என்று கணக்கில் எடுப்பார்கள்.

வெப்பம், ஈரப்பதம், காற்று

மழைமானி மட்டும் இருந்தாலே பாதி நிலையம் வந்துவிட்டது. மீதிக்கு இவை:

வெப்பமானி: இதை வெயிலில் தொங்கவிட்டால் காற்றின் வெப்பத்தைக் காட்டாது, வெயிலில் சுட்ட கண்ணாடியின் வெப்பத்தைத்தான் காட்டும். அதற்காகத்தான் ஸ்டீவன்சன் பெட்டி. வெள்ளை அடித்த மரப்பெட்டி, நாலு பக்கமும் சாய்வான சட்டங்கள், காற்று போய் வரும், வெயில் படாது. தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில், கதவு வடக்குப் பார்த்து இருக்கும். இதைக் கண்டுபிடித்த தாமஸ் ஸ்டீவன்சன், 'புதையல் தீவு' கதை எழுதிய ஆர்.எல்.ஸ்டீவன்சனின் அப்பா!

ஈரப்பதம்: இரண்டு வெப்பமானிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றணும். துணியின் மறுமுனை தண்ணீர்ச் சிமிழில் இருக்கணும். தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் காற்று காய்ந்திருக்கிறது. வித்தியாசம் குறைவு என்றால் காற்றில் ஈரம் அதிகம். பல நாள் காற்று ஈரமாகவே இருந்து, இலையும் காயாமல் இருந்தால் பூஞ்சாண நோய்க்குக் கொண்டாட்டம். சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் வருகிற காலத்தைக் கவனித்தவர்களுக்கு இது புரியும்.

காற்று: ஒரு கம்பின் உச்சியில் சுழலும் அம்புக்குறி போதும். அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அங்கிருந்து காற்று வருகிறது. கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை என்று தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகப் பெயரே இருக்கிறது. மருந்து அடிக்கிறவர்கள் காற்றுத் திசை பார்த்து அடித்தால் மருந்து முகத்தில் படாது.

தானாக அளக்கும் நிலையம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒன்றியத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 385 தானியங்கி வானிலை நிலையங்களை அமைத்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் பெரம்பலூர், வேப்பந்தட்டை, ஆலத்தூர், வேப்பூர் என 4 ஒன்றியங்கள். அரியலூர் மாவட்டத்தில் அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் என 6 ஒன்றியங்கள்.

இந்த வகை நிலையத்தில் மழையை அளப்பது ஒரு குட்டி ஏற்றப்பலகை. இரண்டு பக்கமும் சின்னக் கரண்டி மாதிரி இருக்கும். ஒரு கரண்டி நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், அடுத்தது மேலே வரும். எத்தனை முறை சாய்ந்தது என்று எண்ணினால் மழை அளவு வந்துவிடும். மூன்று கிண்ணம் சுழன்று காற்றின் வேகத்தைச் சொல்லும். சூரியத் தகடு மின்சாரம் தரும். சிம் கார்டு வழியாகக் கணக்கு போய்ச் சேரும்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஓர் ஒன்றியத்தில் எத்தனை ஊர், எத்தனை காடு! ஒரு நிலையம் எல்லாக் காட்டின் மழையையும் சொல்ல முடியாது. இதில் காசு விஷயமும் இருக்கிறது. 2007-ல் இந்தியாவில் வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு சோதனை முறையில் தொடங்கியது. அந்த முறையில் நம்ம வயலை வந்து பார்க்க மாட்டார்கள், குறிப்பிட்ட வானிலை நிலையத்தின் கணக்கைத்தான் பார்ப்பார்கள். நிலையம் இருக்கிற இடத்தில் மழை, நம்ம இடத்தில் வறட்சி என்றால் கணக்கில் வறட்சியே இல்லை!

பராமரிப்புதான் பெரிய வேலை

வைப்பது ஒரு நாள் வேலை. பார்த்துக்கொள்வது வருஷம் பூரா வேலை.

• அளந்தவுடன் தண்ணீரைக் கொட்டிவிடணும். தேங்கினால் டெங்கு கொசு முட்டை வைக்கும்.
• புனலில் வேப்பிலை, பருத்திப் பஞ்சு, எறும்பு, சிலந்தி வலை அடைத்திருக்கிறதா என்று மழை இல்லாத நாளிலும் பார்க்கணும்.
• லாரி ஓடும் ரோட்டோரம் சுண்ணாம்புத் தூசி படியும். வாரம் ஒருமுறை கழுவணும்.
• வெயிலில் பாட்டில் வெளுத்து உடையத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே புது பாட்டில் மாற்றணும்.
• ஈரத்துணி அழுக்கானால் தப்பான அளவு காட்டும். துணியை அடிக்கடி மாற்றி, உப்புத் தண்ணீருக்குப் பதில் மழைத் தண்ணீர் ஊற்றணும்.
• தானியங்கி நிலையத்துக்கும் இதே விதிதான். சூரியத் தகட்டில் தூசி, கரண்டியில் சிலந்திக் கூடு இருந்தால் கொட்டுகிற மழையிலும் 0 காட்டும். மெஷின் பொய் சொல்லாது, ஆனா வாயை அடைச்சிட்டா பேசாது!
• மிக கனமழை நாளில் பாட்டில் நிறைந்து வழியலாம். மழை விட்ட நேரத்தில் ஒருமுறை அளந்து எழுதிவிட்டுக் கொட்டணும். பிறகு இரண்டையும் கூட்டணும். இடி இடிக்கும்போது மட்டும் வெட்டவெளிக்குப் போகவே கூடாது. உசுரு முக்கியம்.

நோட்டு

வானிலைத் துறை காலை 8.30 மணிக்கு அளக்கிறது. முந்தின நாள் 8.30-லிருந்து அன்று 8.30 வரை பெய்ததை அன்றைய தேதியில் எழுதும். நாமும் 8.30-க்கே அளந்தால் செய்தித்தாள் கணக்கோடு ஒப்பிடலாம். பஸ் 8 மணிக்கு என்கிறவர்கள் 7.30 என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் தினமும் அதே 7.30. ஊருக்குப் போகும் நாளில் தம்பியிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போகணும்.

ஒரு முக்கியமான விஷயம். மழை இல்லாத நாளில் '0' என்று எழுதணும். அளக்க முடியாத நாளில் '–' என்று கோடு போடணும். இரண்டும் ஒன்றில்லை! 0 என்றால் பார்த்தேன், இல்லை. கோடு என்றால் பார்க்கவே இல்லை. பார்க்காமல் 0 போட்டால் மாதக் கூட்டல் முழுக்கக் கெட்டுப்போகும். 30 நாளில் 26 நாள் 0 எழுதுவது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வறட்சிக்குச் சாட்சி அந்த 0-க்கள்தான்.

இதனால் என்ன பயன்?

எங்க காட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன புரட்டாசியில் ஒரு ராத்திரி மழை. டவுனில் வெளுத்து வாங்கியது, விதைச்சிடலாம் என்று டீக்கடையில் பேச்சு. அப்பா காலையில், "பாப்பா, எவ்வளவு?" என்று கேட்டார். நான் போய்ப் பார்த்தேன். 9 மி.மீ. அப்பாயி களைக்கொத்தால் கரிசல் மண்ணைக் கொத்திப் பார்த்துவிட்டு, "மேலதான்டா நனைஞ்சிருக்கு, உள்ள பொடியா கெடக்கு"ன்னு சொல்லிச்சு. என் பாட்டிலும் அப்பாயி களைக்கொத்தும் ஒரே பதிலைச் சொன்னது. அப்பா விதைப் பையைப் பிரிக்கவில்லை. அடுத்த நல்ல மழை 11 நாள் கழித்துத்தான் வந்தது. அப்புறம் விதைத்தோம், ஒன்றுபோல முளைத்தது. முதல் மழைக்கே விதைத்த சில காடுகளில் முளைப்பு விட்டு விட்டு வந்து, மறுபடி விதை வாங்க வேண்டியதாயிற்று. விதையும் கூலியும் இரண்டு செலவு.

ஊரே சேர்ந்து அளந்தால் இன்னும் நல்லது. ஆந்திராவில் வறட்சி மாவட்டங்களில் 2003-க்குப் பிறகு ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவன உதவியோடு ஒரு திட்டம் நடந்தது. அதில் ஆண்களும் பெண்களுமாக விவசாயிகளே மழையை அளந்தார்கள், ஆழ்துளைக் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்தார்கள். பிறகு ஊர்க் கூட்டம் போட்டு, இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, இதற்கு எந்தப் பயிர் தாங்கும் என்று வரவு செலவு பார்த்தார்கள். யாரும் கட்டளை போடவில்லை. கணக்கைப் பார்த்த பலர் தாங்களாகவே தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள்.

இன்னொன்று வருத்தமான செய்தி. கேரளாவில் வயநாடு மாவட்டத்தில் ஹியூம் மையம் என்ற அமைப்பு ஊர் ஊராக மழைமானி வைத்து அளந்து வருகிறது. 2024 ஜூலை கடைசியில் புத்துமலை மானியில் 2 நாளில் 572 மி.மீ. மழை. நிலச்சரிவு ஆபத்து என்று அவர்கள் முன்பே எச்சரித்தார்கள். ஜூலை 30 அதிகாலை முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் மண்ணில் புதைந்தன. அளப்பது ஒரு பாதி. அளந்த எண்ணைக் கேட்டு நடப்பது இன்னொரு பாதி என்று இதிலிருந்து தெரிகிறது.

ஒரு வேண்டுகோள்

நம்ம பள்ளிக்கூடத்துக்கு எத்தனை ஊரிலிருந்து வருகிறோம்! ஊருக்கு ஒருத்தர் ஒரு பாட்டில் வைத்தால் போதும். திங்கட்கிழமை காலையில் அவரவர் அளவைக் கொண்டு வந்து, இந்தச் சுவர்ப் பலகையில் பெயர் போட்டு எழுதலாம். செய்தித்தாள் கட்டத்தில் இல்லாத ஊரெல்லாம் நம்ம கட்டத்தில் இருக்கும். கார்த்திகை முடிவில் கூட்டிப் பார்த்தால் எந்த ஊர்க் கிணறு ஊறும், எந்த ஊர் தை மாதத்திலேயே சிக்கனமாக இருக்கணும் என்று நாமே சொல்லலாம். அறிவியல் ஆசிரியர் அனுமதி கொடுத்து, ஒரு நோட்டும் தந்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கிவிடலாம்.

பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இந்தத் தாளின் கீழே உங்க ஊர்ப் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். எங்க ஊரை நான் முதலில் எழுதிவிட்டேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி